ஷோபனா கேட்காத மன்னிப்பு

எங்கள் ஷோபனாவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அம்பத்தூரில், வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்கு விசா வேலை. அவளுக்கு அட்மிஷன் வேலை; போய்ச் சேர்ந்த பிள்ளைகளையும் அவளாகவே கவனித்துக்கொள்வாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். எதற்கெடுத்தாலும் சாரி. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலிக்குக்கூட ஒரு சாரி.

"தப்பே பண்ணாம இன்னாத்துக்குடி சொல்லிகினு கீற?" என்று திட்டுவேன்.

"பழக்கமாப் பூட்ச்சு ராணி. சாரி" என்பாள்.

ஒரு நாள் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பூபாலன் வந்தார். அவர் மகள் எழிலரசியை நாங்கள்தான் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தோம். "போன் பண்ணா அழுதுட்டே இருக்கும்மா. சாப்பிட்டியான்னு கேட்டா பதிலே இல்ல" என்றார்.

ஷோபனா அங்கேயே வீடியோ அழைப்புப் போட்டாள். விஷயம் வெளியே வந்தது. எழிலரசியின் கட்டுரையை ஏஐ எழுதியது என்று பல்கலைக்கழகத்தில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். "நீதான் எழுதினாயா?" என்று கேட்டதும் அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை, "சாரி சார்." ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த விசாரணையிலும் இப்படியே ஆனால் படிப்பு போச்சு. வாத்தியார் முறைத்தால் முதலில் சாரி, அப்புறம்தான் பதில் என்றுதானே நம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம்!

"நீ எழுதுனியா, அது எழுதுச்சா? எங்கிட்ட மறைக்காத" என்றாள் ஷோபனா.

"நான்தான்க்கா எழுதினேன். இங்கிலீஷ் தப்பா இருக்குமோன்னு பயந்து ஏஐகிட்ட திருத்தக் குடுத்தேன். திருத்தலாம், ஆனா சொல்லிட்டுத் தரணும்னு விதி. நான் சொல்லல."

"அது மட்டும்தான் உன் தப்பு. இப்ப எந்திரி. சோறு வெச்சி ரெண்டு வாய் துன்னு. நான் லைன்லயே கீறேன்."

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஷோபனா நகரவில்லை. அங்கே மாணவர்களின் மனக்கஷ்டம் கேட்டு உதவும் நல அதிகாரி அம்மா ஒருவர் இருப்பதாகவும், அவரைப் போய்ப் பார்க்கும்படியும் சொன்னாள். "பைத்தியம்னு நினைச்சுடுவாங்கக்கா" என்றது பெண். "ஜொரம் வந்தா டாக்டர்கிட்ட போறல்ல? அப்பிடித்தான்" என்றாள் இவள். எழிலரசி போனாள்.

அப்புறம் தினமும் மதியம் வீடியோவில் விசாரணைக்குப் பயிற்சி. கட்டுரை, தொழிற்சாலை வாசலில் லாரிகள் காத்துக்கிடப்பதைக் குறைப்பது பற்றியது. "எனக்கு ஒண்ணுந் தெரியாது. மொதல்ல தமிழ்ல வெளக்கு, அப்பால இங்கிலீஷ்ல" என்பாள் ஷோபனா. முறைக்கும் அதிகாரி நான். அந்த வேஷம் எனக்கு நன்றாகவே பொருந்தியது. எழிலரசி வாயில் சாரி வந்தால் மறுபடி முதலிலிருந்து. "சாரிம்மா, இன்னொரு தபா சொல்லு" என்று ஷோபனாவே ஒருமுறை சொல்ல, இரண்டு தேசத்திலும் சிரித்தோம். வாரக்கணக்காக அந்தப் பெண் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

விசாரணை நாளில் பூபாலன் எங்கள் அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கொடுத்த டீ ஆறிப்போனது. போன் வந்தது.

"அக்கா, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஏஐகிட்ட திருத்தினதையும் நானே சொன்னேன். நல அதிகாரி அம்மா பக்கத்துலயே இருந்தாங்க. நான் எழுதினதுதான்னு விசாரிச்சவங்க ஒத்துக்கிட்டாங்க! சொல்லாம விட்டதுக்கு இந்தக் கட்டுரைய மட்டும் திரும்ப எழுதணும். படிப்பு தப்பிச்சிடுச்சுக்கா!"

பூபாலன் ஷோபனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோழி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி செங்கல்வராயன் அறையை விட்டு வந்தார். "அட்மிஷன் வேலைய உட்டுட்டு தெனம் இன்னாம்மா பஞ்சாயத்து? அனுப்புனதோட நம்ம வேலை முடிஞ்சிது."

ஷோபனா வாயைத் திறந்தாள். வந்துவிட்டது சாரி என்று நான் தலையில் கைவைத்தேன்.

"முடியாது சார்" என்றாள். "இனிமே போற ஒவ்வொரு புள்ளைக்கும் மொதல்ல பதில், அப்பாலதான் சாரின்னு சொல்லிக் குடுத்துதான் அனுப்புவேன்."

அவர் பூபாலனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பி உள்ளே போனார்.  உட்காரத் திரும்பிய ஷோபனா நாற்காலியில் இடித்துக்கொண்டாள்.

"சாரி" என்றாள், நாற்காலியிடம்.

அதற்கு மட்டும் நான் திட்டவில்லை.