கடுகு இல்லாத தலையணை

என் நாத்தனாருக்குக் கோலா சிலாங்கூரில் ஆண் குழந்தை பிறந்திருக்கும் செய்தியை எஸ்டேட் லோரி ஓட்டுநர்தான் கொண்டுவந்தார். கூடவே அவள் கேட்டதையும் சொன்னார். அண்ணனுடைய பழைய வேட்டி கொஞ்சம் வேண்டும், கடுகுத் தலையணை ஒன்று வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு எங்கள் வீடுகளில் உடனே புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து இளகிப்போன துணிதான் அந்தத் தோலுக்கு ஆகும். தலைக்குக் கீழே கடுகு நிறைத்த சிறு தலையணை வைத்தால் மண்டை ஒரு பக்கமாகச் சப்பையாகாமல் உருண்டையாக வரும் என்பார்கள். வேட்டிக்குக் குறைவில்லை. கடுகுதான் முடியாத காரியம்.

மலாயாவில் அவசரகாலம் அது, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை. எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று, கேட்டைத் தாண்டி ஒரு பிடி உணவுப் பொருள்கூட எடுத்துப் போகக் கூடாது. ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் தண்ணீர் மட்டும் கொண்டுபோவார்கள். மழைக்காலத்தில் ஒரு பெண்ணின் தலைத்துணி மடிப்பில் கொஞ்சம் அரிசி இருந்தது. பசிக்கு வைத்திருந்தேன் என்றாள். போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பவில்லை. கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அவளுடைய புருஷன் வாராவாரம் பங்கீட்டு அரிசிக்கு வந்து நிற்பார். அரிசி அளந்து போடுவது, எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியான என் கணவரின் வேலை. அவர் நிமிர்ந்து பார்க்காமலே அளந்து போடுவார்.

ஆகையால் கடுகு வேண்டாம், இலவம் பஞ்சு போதும் என்று நான் முடிவு செய்தேன். செய்யும்போதே அதுவும் சரிதானா என்று இருந்தது. கேட்டு அனுப்பியதைக் கொடுக்காமல் வேறொன்றைக் கொண்டுபோனால் நாத்தனார் என்ன நினைப்பாள்? படித்த திமிர் என்பாளோ? கணவரிடம் இரண்டு தரம் கேட்டேன். "பஞ்சுனா பஞ்சு. அதுக்கென்ன இப்ப," என்றார்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வேலிக்குள் அவளுக்கு விளையாட ஆள் இல்லை. லயத்துப் பிள்ளைகளோடு சேர்ந்தால் துரை வீட்டில் ஏதாவது சொல்வார்களோ என்று நான் விடுவதும் இல்லை. ஆகவே அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் சேர்ந்து பரிசு செய்தோம். வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்தோம். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பாள், துணி கிழிகிற சத்தத்துக்குச் சிரிப்பாள். முழங்கால் பட்டு நைந்த என் சேலை ஒன்று தொட்டிலுக்கு ஆனது. பால் டின் மூடிகளைக் கல்லில் தேய்த்து முனை மழுக்கி, உடைந்த குடையின் கம்பியில் கோத்துத் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட ஒன்று செய்தோம். எங்கள் பழைய தலையணையிலிருந்து பஞ்சை எடுத்து, விதையும் தூசியும் பொறுக்கி, கணவரின் சட்டைக் கையில் அடைத்தோம்.

"கடுகு போடலியாம்மா?" என்று கேட்டாள்.

போடக் கூடாது, கேட்டில் பிடிப்பார்கள் என்றேன்.

"அப்ப பாப்பாவுக்கு மண்டை கோணிக்குமே."

கோணாது, பேசாமல் வேலையைப் பார் என்று சொன்னேன். வேறு நல்ல பதிலாகச் சொல்லியிருக்கலாம். மூன்று பக்கம் நான் தைத்தேன். கடைசிப் பக்கத்தைத் தானே தைப்பதாக அடம் பிடித்தாள். விரலில் குத்தாத மழுங்கிய கோணி ஊசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தைத்து முடித்திருந்தாள். தையல் கோணல் மாணலாக, பல் விழுந்த வாய்போல இருந்தது. பிரித்து நானே தைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மூட்டையில் வைத்தேன்.

தினமும் முறத்தில் அரிசியைப் பரப்பி எனக்குக் கல் பொறுக்கித் தருவது அவள்தான். நல்ல அரிசியிலும் கொஞ்சம் பொறுக்கி ஒதுக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கேட்டில் பெண்களைச் சோதிக்க டவுனிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்திருந்தார்கள். அன்று சம்பளத்துக்கு மறுநாள் என்பதால், டவுனுக்குப் போக லயத்துப் பெண்கள் நீள வரிசையில் நின்றார்கள். கிராணி வீட்டம்மா என்று எனக்கு முன்னால் வழி விட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றம். சோதனைக்காரி துணிகளை உதறிப் பார்த்தாள், டின் மூடிகளை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். தலையணையை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள்.

"என்னாம்மா இது, பஞ்சு நறநறங்குது?"

விதை இருக்கும் என்றேன். அவள் அந்தக் கோணல் தையலைப் பிடித்து இழுத்தாள். பஞ்சு காற்றில் பறந்து அவள் முகத்திலும் என் மகளின் தலையிலும் ஒட்டியது. மேசைமேல் அரிசி கொட்டியது. என் கையில் ஏந்தினால் ஒரு கைகூட நிறையாது.

பின்னால் ஒருத்தி குரலை உயர்த்தாமலே சொன்னாள். "கிராணி வீட்டு அரிசிக்கும் லோரி வருதான்னு பாப்போம்லா."

மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் வந்து ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "பெராஸ்," என்றார். அரிசிதான். நான் எனக்குத் தெரிந்த மலாயில், குழந்தை செய்தது, எனக்குத் தெரியாது என்றேன். அவர் என்னைப் பேச வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, குழந்தையிடம் கேட்கும்படி சோதனைக்காரியிடம் சொன்னார்.

அவள் குனிந்தாள். "கண்ணு, இந்த அரிசிய ஒனக்கு யாரு குடுத்தா?"

பெரியவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"அப்பா," என்றாள். பிறகு, "எல்லாருக்கும் அப்பாதான் அரிசி குடுப்பாரு."

சோதனைக்காரி முதல் வார்த்தையை மட்டும் மலாயில் சொன்னாள். மீதியை நான் சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். சார்ஜன் அதற்குள் ஆபீசுக்கு ஆள் அனுப்பியிருந்தார். என் கணவர் காதில் பென்சிலோடு வந்தார். மேசைமேல் கிடந்ததைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். லோரி வந்தது. அந்த மழைக்காலத்துப் பெண்ணை ஏற்றிய அதே லோரி. ஏறும்போது கணவர் பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

ஸ்டோரில் இருந்த மூட்டைகளையெல்லாம் எடை போட்டுப் பார்த்தார்கள். எதுவும் குறையவில்லை. என்றாலும் அவரை விடுவிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நிற்பார்கள். அந்த மழைக்காலத்துப் பெண்ணின் புருஷன் மட்டும் ஒருநாள் நின்று, சாப்பாடு அனுப்ப விடுகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் ஏன் கேட்டார், ஆறுதலா வேறேதாவதா என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

கணவர் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. எப்படி என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. துரை மறுபடி வேலை கொடுக்கவில்லை. சுங்கை பெசார் பக்கம் ஒரு சீனர் கடையில் கொப்பரை எடை போடும் வேலை கிடைத்தது. மூட்டை முடிச்சுகளோடு அங்கே போகும் வழியில்தான் கோலா சிலாங்கூரில் இறங்கி, நாத்தனார் வீட்டுக்குப் போனோம். வேட்டித் துணியும் சேலையும் கேட்டிலேயே போய்விட்டன. வெறுங்கையோடு போனோம். அவள் குழந்தையைக் கொண்டுவந்து பாயில் கிடத்தினாள்.

குழந்தைக்கு அப்போது கழுத்து நின்றிருந்தது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையை முன்னால் பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள், உள்ளங்கையை வைத்துத் தடவினாள். பிறகு என் மடியில் வந்து சாய்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு பக்கம் சப்பையா இருக்கும்மா. அப்பாகிட்ட சொல்லிராதீங்க."

அவர் அருகில்தான் உட்கார்ந்திருந்தார், இடது காது எங்கள் பக்கம்.