கேட்குமுன் கொடுத்த அறை

சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும் ஷரிபுதீன் தமது இடது காலைக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் சாய்த்துவைக்கிறார். முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருப்பதைத் துவாயால் ஒற்றிப் பவுடர் போடுகிறார். "அவருக்கும் வேர்த்துப் போய்த்து. கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்கிறார்.

இராணுவத்தில் இருபத்திரண்டு வருடம். பதினாறாவது வருடம் வடக்கில் ஒரு மிதிவெடி. மிச்ச ஆறு வருடமும் முகாமில் சாமான் அறைக்குப் பொறுப்பு. சிங்களம் நன்றாகக் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. படையிலிருந்து வரும் கடிதங்களை வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டுவார். "ஓடு, படுன்னு சொன்னா வெளங்கினாக் காணும் புள்ள. அதுக்கு எழுத்து எதுக்கு?"

சண்டையைப் பற்றிக் கேட்டால் லீவைப் பற்றித்தான் சொல்வார். ஒரு லீவில் கதவுப் பூட்டோடு வந்தது, அடுத்த லீவில் அந்தக் கதவை மாட்ட நாலு பிணைச்சலோடு வந்தது. "மத்தவங்க லீவுல பொண்டாட்டியப் பாக்க வருவாங்க. இவரு சீமெந்து குழைக்க வருவாரு" என்பார் மனைவி றாஹிலா. எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம்; மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஷரிபுதீனுக்கு மூன்று மகள்கள்.

கடைசி மகள் இன்ஷிராவுக்கான வீட்டில் பின்பக்கமாக ஓர் அறை கட்டினார். படி இல்லை, அகலமான கதவு, கழிவறையும் உள்ளேயே. "இது நம்மட பங்கர்" என்று றாஹிலாவிடம் சொல்லி வைத்திருந்தார். றாஹிலாவுக்கு முட்டு வருத்தம், ஈரம் பட்டால் மூச்சு அடைக்கும்.

சம்பந்தம் பேச வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பன் மீராசா தேநீர் குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளை பஸாலுக்குக் கல்முனையில் புடவைக் கடை. "கடச் சாமான் வெக்க எடம் காணுமோ தெரியா" என்றார், சும்மாதான்.

அவர் கோப்பையைக் கீழே வைக்குமுன் ஷரிபுதீன் சொன்னார்: "பின்னறை இரிக்கி. எடுத்துக்கிடட்டும்."

"அவங்க கேக்கவே இல்லயே" என்றார் றாஹிலா, எல்லோரும் போன பிறகு.

"அவங்களக் கேக்க வெக்கக் கூடாது. புள்ளயக் கட்ட வாறவங்க வாயத் தொறந்து கேட்டா நமக்குத்தான் கொறச்சல்."

கலியாணம் முடிந்ததும் ஷரிபுதீனும் றாஹிலாவும் கிணற்றடித் தகரக் கொட்டிலுக்கு மாறினார்கள். அறையில் புடவைக் கட்டுகள் ஏறின. இன்ஷிரா அழுதாள். "வாப்பா, சாமான் எல்லாத்தையும் நானே வெளிய தூக்கிப் போடுறன்."

"புரிசன்ட சாமானையா? போடு பாப்பம். ஊர் சிரிக்கும்."

பஸாலும் வந்து கூப்பிட்டான். "எனக்கு வெக்கமா இரிக்கி மாமா. வாங்க."

"குடுத்தது குடுத்ததுதான் மருமகன்."

றாஹிலா மட்டும் என்னிடம் சொன்னார்: "மூணு வீடு கட்ட ஆமியில லீவு குடுத்தாங்க. நாலாவது வீட்டுக்குத்தான் குடுக்கல்ல."

இந்த மாரியில் தொடர்ந்து மூன்று நாள் மழை. தகரத்தின் அடியால் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் பகல் நான் கஞ்சி கொண்டுபோனபோது றாஹிலா படுக்கமுடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த மூச்சு மருந்துப் பம்ப் வேலை செய்யவில்லை.

"இஞ்செருங்க" என்றார் கணவரிடம். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

ஷரிபுதீன் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் இன்ஷிராவைக் கூப்பிட எழுந்தேன். "இரி புள்ள. குடுத்தவன்தான் கேக்கணும்" என்றார். றாஹிலாவின் தலையணையை ஒரு கடைப் பையில் போட்டுச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

வீட்டின் பின்கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இன்ஷிரா ஏனம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் வெளியே நின்று சலாம் சொன்னார். மழையில் அது உள்ளே எட்டவில்லை. இன்னொரு முறை சொன்னார். பிறகு, அந்நியர் வீட்டு வாசலில் நிற்பவர் செய்வதுபோல, கதவுக்குள் பார்வை போகாதபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.