வரிசையில் வைத்த வாழைப்பழப் பை

வரிசையில் ஒரு பையை வைத்துவிட்டு நிழலில் போய் உட்காருவது தப்பா? தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எங்கள் ஊர் ரேஷன் கடையில் அப்படித்தான். விடியும்போதே பை, கல், ஒற்றைச் செருப்பு, நெளிந்த வாளி என்று வரிசை நிற்கும். ஆட்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடை திறந்ததும் அவரவர் பொருளுக்குப் பின்னால் அவரவர் வந்து நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சே இல்லாதவள்கூட அவளுடைய கல்லைத் தள்ளி வைக்க மாட்டாள். அந்த மரியாதை தெரியாதவர்களிடம் ஒருநாள் நாங்கள் போய் மாட்டிக்கொண்டோம்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. எங்கள் ஊர் வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில், கத்தரியும் வெண்டையும் போடுகிற ஊர். அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் ஒரே ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாள். அவளை ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். விருந்து முடியவே இல்லை. சின்னச் சண்டை, தானாகச் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தை எதுவும் பேசவில்லை. அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காமல் இருந்தது. கிணற்றில் குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்றார்கள். இத்தனை நாளாகியும் அந்தத் தண்ணீர் ஏன் வெளியே வரவில்லை என்பது எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தால் வந்துவிடும் என்று அவளுக்கு யோசனையெல்லாம் சொன்னேன்.

ராத்திரி எட்டு மணி ஆனால் அத்தை வலது காதை டிவி பக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்வாள். அப்போது ஒரு சீரியல் ஓடியது. அதில் வருகிற பெண்ணைப் புருஷன் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவான். அவள் பிறந்த வீட்டில் வந்து இருப்பாள். இவள் திரும்பிப் போவாளா மாட்டாளா என்பதை வைத்தே மாதக்கணக்கில் இழுத்தார்கள். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் பேசவில்லை. அத்தை பார்ப்பாள், நாங்கள் அத்தையைப் பார்ப்போம்.

அந்தச் சேனல் திண்டுக்கல்லில் திருவிழா நடத்தப்போவதாக டிவியின் அடியில் எழுத்து ஓடியது. அந்த நடிகை நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாராம். ஒரு மசாலா கம்பெனியின் காலி உறைகளைக் கொண்டுவந்தால் நேரில் சந்திக்கலாமாம். முதலில் வருகிறவர்களுக்கு முதலிடமாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாக் குழம்பும் அந்த மசாலா வாடைதான்.

"என்னடி இது, கீரைக் கடைசல்லயும் கறி மசாலா வாசம் அடிக்குது?" என்று அப்பா தட்டைத் தள்ளினார்.

அம்மா சளைக்காமல், "சாப்புடுங்க, நாக்குக்கு நல்லது" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் அப்பா சத்தம் போட்டார். கூத்தாடியைப் பார்க்கப் பஸ் ஏறிப் போவார்களா என்றார். அம்மாதான் சமாளித்தாள். "போயிட்டு வரட்டும் விடுங்க. ஞாயித்துக்கெழமைக்குப் பெறகு அது எங்க போகப்போகுது?"

ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அத்தையைக் கூட்டிப்போக. அனுப்பி வைத்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். திருவிழா அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை.

முதல் பஸ்ஸில் போனோம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அத்தை சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கினாள். யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்குத்தான். இம்புட்டு நாளா பாக்குறேன், அழுதுக்கிட்டே இருக்கு. ஒரு வாய் சாப்புட்டு நீ பாத்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். நானும் பார்த்ததில்லை.

விழா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். சவுக்குக் கட்டையில் தடுப்புக் கட்டி வாசல் வைத்திருந்தார்கள். பந்தல், நாற்காலி, மின்விசிறி எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வெறும் வெயில். எங்களுக்கு முன்னால் கொஞ்சம் பெண்கள்தான் இருந்தார்கள். வெயில் ஏறியதும் ஒருத்தி கூடையை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். அடுத்தவள் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். அத்தை வாழைப்பழப் பையை வைத்தாள். எங்களுக்குப் பின்னால் நாகல் நகரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா தன் புதுச் செருப்பில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னொன்றை மட்டும் போட்டுக்கொண்டு விந்தி விந்தி மரத்தடிக்கு வந்தார். எல்லோரும் சிரித்தோம்.

"சிரிக்காதீங்கடி, ரெண்டையும் வச்சா எவளாச்சும் போட்டுட்டுப் போயிருவா" என்றார் அவர்.

செத்த நேரத்தில் வரிசை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் நீண்டுவிட்டது. ஆளே இல்லாத வரிசை. புதிதாக வந்தவர்களும் ஒன்றும் கேட்காமல் கடைசியில் ஒரு கல்லை வைத்துவிட்டு மரத்தடிக்கு வந்தார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை.

அந்த அக்கா அத்தையிடம், "நீ என்னம்மா கேக்கப்போற அதுகிட்ட?" என்றார். தான் அந்த நடிகையின் மூக்குத்தி எங்கே வாங்கியது என்று கேட்கப்போவதாகச் சொன்னார்.

அத்தை, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குக் குறுகுறுத்தது. முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்துக் கேட்டேன். "பேசாம இரு கழுத" என்றாள்.

உச்சி வெயிலில் ஒரு வேன் வந்தது. கறுப்பு பனியன் போட்ட தடியன்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பவுன்சர் என்று பெயர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவன் வரிசையைப் பார்த்தான். "யாரு இங்க குப்பை போட்டது?" என்று சொல்லிக்கொண்டே காலால் ஒதுக்க ஆரம்பித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூடை, பாட்டில், கல், பை எல்லாம் சுவரோரம் ஒரே குவியலாகப் போயிற்று.

மரத்தடியிலிருந்து எல்லோரும் ஓடினோம்.

"குப்பையா? ஏய் தம்பி, அது என் செருப்புய்யா! பெருநாளைக்கு எடுத்தது!"

"ஆள் நின்னாதான் லைனு. பை நின்னா லைன் கிடையாதும்மா."

"உங்க அம்மா ரேஷன் கடைக்கே போனதில்லையாப்பா?" என்றார் நாகல் நகர் அக்கா. அவன் முகம் ஒரு நொடி மாறியது. போயிருப்பார் போல.

அத்தை சண்டை போடவில்லை. பையை மட்டும் எடுத்தாள். பழம் பாதி நசுங்கியிருந்தது. "இந்த வெயில்ல ஆளு எப்பிடி நிக்கிறது? பந்தல அங்கிட்டுல்ல போட்டிருக்கீக?" என்று மட்டும் கேட்டாள். இவ்வளவு நேரம் அமைதியாக இருந்த கூட்டம் அதற்குப் பிறகுதான் முட்டி மோதியது. அதைக் காட்டி, "இந்த ஊர் ஜனங்களுக்கு ஒழுங்கே தெரியாது" என்று மைக்கில் ஒருத்தன் சொன்னான். ஒழுங்கைக் காலால் எத்தியவன் அவன் பக்கத்தில்தான் நின்றான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதோடு விட்டார்களா? கார்கள் வந்தன. கையில் மஞ்சள் பட்டை கட்டியவர்களைப் பக்கவாசல் வழியாக விட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் குடும்பம், மசாலா கம்பெனி ஏஜென்ட் குடும்பம், அவர்களுக்குத் தெரிந்த குடும்பம். பட்டுப்புடவையில் ஒரு அம்மா தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

நாகல் நகர் அக்கா விடவில்லை. "ஏங்க, என்ன சீரியல்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"நாங்க வீட்ல டிவியே பாக்கிறதில்லங்க. பாஸ் குடுத்தாங்க, வந்தோம்" என்றார் அந்த அம்மா. பாவம், பொய் சொல்லவில்லை.

அத்தை மசாலா உறைகளை எடுத்து வாசலில் நின்றவனிடம் நீட்டினாள். அது குலுக்கலுக்குத்தான், அந்தப் பெட்டியில் போடுங்கள் என்றான். டிவியில் அப்படியா போட்டார்கள்? ஒரு மாதம் கீரையில் மசாலா போட்டுத் தின்ற குடும்பத்தைக் கேட்டால் தெரியும். அத்தை ஒரே ஒரு உறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைப் பெட்டியில் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். கூட்டம் கத்தியது. கேமராவோடு நின்ற ஒருவர் ஏதோ சொன்னார். உடனே, குழந்தைகள் மட்டும் உள்ளே வரலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் மேல் இரக்கம் ஒன்றும் இல்லை. நிகழ்ச்சியின் கடைசியில் டிவியில் காட்ட நடிகையைச் சுற்றிக் குழந்தைகள் வேண்டியிருந்தார்கள்.

அத்தை குனிந்து என் காதில் சொன்னாள். "நல்லாக் கேட்டுக்க. அவ திரும்பிப் போவாளா மாட்டாளானு கேளு. அத மட்டும் கேளு. என்ன சொன்னாலும் மாத்தாம வந்து சொல்லணும்." அவள் விரல்கள் அழுந்தி என் தோள் வலித்தது.

இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் பார்த்தால் தெரிந்துவிட்டுப் போகிறது.

மசாலா உறையோடும் நசுங்கிய பழத்தோடும் போனேன். பழத்தை வாசலில் நின்றவன் பிடுங்கி, வெளிச் சாப்பாடு கூடாது என்று அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். மேடையில் நடிகை டிவியில் பார்த்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாதத்தை மற்றொன்றால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரியாணிப் பொட்டலம் நூல்கூடப் பிரிக்காமல் இருந்தது. அத்தை சொன்னது சரிதான்.

என் முறை வந்ததும் கேட்டேன். "எங்க அத்த கேக்கச் சொன்னாக. நீங்க திரும்பிப் போவீங்களா, மாட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேசியபோது நான் பயந்தே போனேன். அது டிவியில் வருகிற குரல் இல்லை. கரகரப்பான வேறு குரல். தமிழும் திக்கித் திக்கி வந்தது.

"எனக்குத் தெரியாது பாப்பா. காலையில பேப்பர் கொடுப்பாங்க. அழுன்னு இருந்தா அழணும். போன்னு இருந்தா போகணும்."

"உங்க குரலு ஏன் இப்பிடி இருக்கு?"

"டிவில பேசுறது நான் இல்ல. வேற ஒருத்தங்க." சிரித்தார். உறையில் கையெழுத்துப் போட்டார். வழவழப்பான தாளில் மை நிற்கவில்லை. நான் கீழே இறங்குவதற்குள் பாதி என் விரலுக்கு வந்துவிட்டது.

அத்தை வாசலிலேயே நின்றாள். வலது காதைக் கொடுத்தாள். ஒன்றும் மாற்றாமல் சொன்னேன். பேப்பர் கொடுப்பதைச் சொன்னேன். குரல்கூட அவருடையது இல்லையாம் என்றேன்.

"கொரலு கூடவா?"

"ஆமாத்த. வேற ஆளு பேசுறாகளாம்."

"கொரலு கூடவா?" என்று மறுபடி கேட்டாள்.

கையெழுத்துப் போட்ட உறையை அவள் பார்க்கக்கூட இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நசுங்கிய பழங்களை ஒவ்வொன்றாக உரித்து எனக்கும் கொடுத்துத் தானும் தின்றாள். அவள் அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாள் முழுக்க அவமானப்பட்டவளுக்கு எப்படிப் பசிக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஒட்டன்சத்திரத்து ஆட்கள் வந்தார்கள். என்னை வெளியே விளையாடப் போகச் சொன்னார்கள். நான் ஜன்னலுக்கு அடியில் விளையாடினேன்.

"ஏனுங்க, நடந்தது நடந்துபோச்சு. புள்ளைய அனுப்பி வெச்சிருங்க" என்றார் ஒரு பெரியவர். தேன் மாதிரிப் பேசினார். அத்தையின் புருஷன், என் மாமா, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் வருவாள், பையெல்லாம் எடுத்து வைத்தாயிற்று என்று ஆரம்பித்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை கூடத்துக்கு நடுவில் வந்தாள்.

"அண்ணே, எனக்காக நீ பேசாத. நான் போகல."

பெரியவர் மறுபடி ஏனுங்க என்று ஆரம்பித்தபோது அத்தை இடது காதைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பக்கம் சொன்னா எனக்குக் கேக்காதுங்க. ஏன்னு உங்க புள்ளையக் கேளுங்க" என்றாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். காதில் தண்ணீர் போனதற்கு மாமா ஏன் வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே சீரியலில் அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். மாமியார் ஆரத்தி எடுத்தார். புருஷன் காலில் விழுந்தாள். நல்ல இசை. ஊர் முழுக்கச் சந்தோஷம். அத்தை அன்றைக்கு டிவி பக்கம் வரவில்லை. அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவள் அவ்வளவு பாடுபட்டுக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே என்று நான்தான் ஓடினேன்.

"அத்த, அத்த! அவ திரும்பிப் போயிட்டா!"

அத்தை தலை நிமிரவில்லை. "எழுதிக் குடுத்திருப்பாக. பாவம்" என்றாள்.

பாவமா? டிவியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி ஓடிப் போய் இன்னொரு முறை பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.