கூரா, மொண்ணையா?

வள்ளி முதலில் தன் கன்னத்தில்தான் குத்திப் பார்ப்பாள். புது ஊக்கை விரித்து, கூர் முனையால் ஒன்று. திருப்பி, மழுங்கிய தலையால் ஒன்று. எப்போதும் கூர்தான் முதலில். பிறகு நோயாளியின் கன்னம். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கும் கன்னம் பொய் சொல்லாது என்பதால், அதை அளவாக வைத்துக்கொண்டு மார்பு, வயிறு, தொடை என்று கீழே இறங்குவாள்.

"கூரா, மொண்ணையா? சும்மா ஆமா போடக் கூடாது. கன்னத்துல இருக்கிற மாதிரியே இருக்குதா, கம்மியா, இல்லவே இல்லியா?"

வேங்கிக்காலில் உள்ள அந்த மறுவாழ்வு இல்லத்துக்கு அவள் தரை துடைக்க வந்து பதினெட்டு வருடமாகிறது. டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று நின்றே இதைக் கற்றாள். மனித உடல் வரைந்த தாளில் பென்சிலால்தான் குறிப்பாள். "பேனாவுல எழுதினா நாமளே நம்பிடுவோம்" என்பாள். வலக்கையில் எட்டுக் கண்ணாடி வளையல். ஆடிப்பூரத்தன்று உண்ணாமுலையம்மன் சன்னிதியில் வாங்கிப் போட்டவை. அடுத்த ஆடி வரை கழற்ற மாட்டாள்.

கீழ்பென்னாத்தூர் திருமலை புளியமரத்திலிருந்து விழுந்து நான்கு மாதம். தொப்புளுக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் கிடந்தவன், மூன்று வாரமாகத் தொடையில் தொட்டதையெல்லாம் சரியாகச் சொன்னான். கண்ணில் துண்டு கட்டியும் பத்துக்குப் பத்து.

"அக்கா ஊக்குக்குப் பயந்தே காலு முழிச்சிக்கிச்சு" என்று சிரித்தான். அவன் மனைவி கீதாஞ்சலி அழுதாள். போன வெள்ளிக்கிழமை வள்ளி பேனாவை எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை போர்வையை விலக்கியவள் அப்படியே நின்றாள். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம், நீர் கோத்துப் பளபளத்தது.

"இன்னாது இது, கீதா?"

"கஞ்சித் தூக்குக்கா. மடியில வெச்சிக்கினு குடிச்சாரு. தெரியுதுன்னு எழுதிட்டீங்களே, சுட்டா சொல்லுவாருன்னு..."

திருமலை தலையைத் தூக்கிப் பார்த்தான். "இது என் காலா?"

வள்ளி டாக்டரை அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு, அவன் கண்ணில் துண்டைக் கட்டினாள். கன்னத்தைத் தொட மறந்தாள். இடது தொடைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், ஊக்கைத் திருப்பினாள். வளையல்கள் கிணுகிணுத்தன.

"மொண்ண" என்றான் திருமலை.

மறுபடி திருப்பினாள்.

"கூரு."

கீதாஞ்சலி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"சத்தத்த வெச்சா சொல்ற தம்பி?"

"நான் ஏமாத்தலக்கா. அந்தச் சத்தம் வந்தா அங்க குத்துற மாதிரியே இருக்குது."

வள்ளி வளையல்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"அய்யோ, அம்மன் வளையலுக்கா, வேணாம்" என்று கீதாஞ்சலி கையைப் பிடித்தாள். வள்ளி விடுவித்துக்கொண்டாள். விரல் கணுவில் தோல் உரிய, எட்டும் ஒவ்வொன்றாக மேசைக்குப் போயின.

பிறகு கூர் முனையைத் தொடையில் பதித்தாள். தோல் குழிந்தது. மூவரும் காத்திருந்தார்கள்.

"எப்பக்கா ஆரம்பிப்பீங்க?" என்றான் திருமலை.

வள்ளி ஊக்கை எடுக்கவில்லை. இடது கையை மெல்ல நீட்டி, அவன் கன்னத்தின்மேல் வைத்தாள்.