வண்டியைப் பேச விடுங்க

“ஷ்ஷ்… நீங்க பேசாதீங்க. வண்டியப் பேச வுடுங்க.”

கைப்பேசியை இடது காதோடு அழுத்தி, வலது காதை உள்ளங்கையால் பொத்தி, கண்களை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார் டோரதி. மத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு நெல்வயலில் நிற்கும் அறுவடை இயந்திரத்தின் உறுமல் அந்தக் காதுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்து லேத் பட்டறை போடும் கூச்சல் அவருக்குக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, முன்வரிசையில் யார் சுருதி இறங்கினாலும் முறைக்கிறவர் அவர். இயந்திரங்களையும் அப்படித்தான் முறைப்பார்.

பெங்களூரின் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வயர் கட்டியவர். ஆணி அடித்த பலகையின் மேல் ஒவ்வொரு வயராக ஓடவிட்டு, வளைத்து, சேர்த்துக் கட்டி, கிளை பிரித்து அனுப்புகிற வேலை. அங்கிருந்து விலகி, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அறையைப் பிடித்தார். இப்போது அறுவடை இயந்திரங்களின் வயர்க்கட்டும் கன்ட்ரோல் பெட்டியும் மட்டுமே அவர் தொழில். வயது ஐம்பத்து நான்கு. ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்குவார்.

அலமாரியில் உதிரி வயரும் கனெக்டரும் போட்ட பிஸ்கட் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். மேலே ஒட்டியிருப்பது வண்டியின் பெயரல்ல, ஊரின் பெயர். கங்காவதி, சிந்தனூர், மத்தூர், ஆத்தூர். “தண்ணி ஒவ்வொரு ஊர்லயும் ஒரு மாதிரி. வயர் கெட்டுப்போறதும் அப்படித்தான்” என்பார். இதில் எவ்வளவு உண்மை என்று தெரியாது. ஆனால் கேட்ட ஊரின் டப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார். இத்தனைக்கும் நெல் அறுப்பதை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. வயல் என்பது அவருக்குத் தொலைபேசி வழியாக வரும் ஒரு சத்தம்.

கோளாறு அவருக்கு ஒரு பையன். ஒளிந்து விளையாடுகிற பையன். “எங்கடா ராஜா இருக்கே, வா வா” என்று மீட்டரைக் கையில் எடுத்தால் முகமே மாறிவிடும். கண் பெரிதாகும், துப்பட்டா இடுப்புக்குப் போகும், கால் ஓரிடத்தில் நிற்காது. இந்தக் காலத்து வண்டிகளின்மேல் தீராத கோபமும் உண்டு. “அறுபது சென்சர் வச்சிருக்கான். ஒன்னுக்குத் தும்மல் வந்தா வண்டியே படுத்துக்குது. இன்னா வண்டிப்பா இது!” என்று திட்டித் தீர்ப்பார். திட்டும்போதும் கண் சிரிக்கும். வண்டிகள் ஒழுங்காக ஓட ஆரம்பித்தால் அவருக்குப் பொழுது போகாது.

பட்டறையில் அவரோடு இருப்பவர் சுப்ரமணியன் ஒருவர்தான். பழைய தொழிற்சாலைத் தோழர், வயர் நறுக்குவதில் கெட்டி, பேச்சில் கஞ்சன். மேசைமேல் பெரிய பவர் சப்ளை பெட்டி ஒன்று உண்டு. அதன் முகப்பில் கரண்ட் எடுக்கிற இரண்டு குமிழ்கள், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று; சிவப்பில் ஸ்டீல் சங்கிலியோடு அந்தோணியார் பதக்கம் தொங்கும். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர், கோளாறையும் பிடித்துத் தரட்டுமே என்று டோரதியே மாட்டியது. அந்தப் பெட்டி நாளைக்கு நாலு முறை டக்கென்று அணைந்துபோகும். “கரண்ட் சரியில்ல” என்பார் டோரதி. “நீ சொன்னா சரி” என்பார் சுப்ரமணியன்.

போன வியாழக்கிழமை அழைத்தவர் சந்தானம். ஆத்தூர்க்காரர், சொந்தமாக ஒரே ஒரு அறுவடை வண்டி, அதை ஓட்டுவதும் அவரே. அறுப்பு தொடங்கினால் வண்டியோடு கர்நாடகத்துக்குள் வந்துவிடுவார். அரை மணி ஓடினால் வண்டி நின்றுவிடுகிறது, கதிரடிக்கும் உருளை சுற்றவில்லை என்று திரை சொல்கிறது, உருளையோ நன்றாகத்தான் சுற்றுகிறது. இதுதான் அவருடைய புகார். முந்தின வாரமே சொல்லியிருந்தார். “சென்சர் போயிடுச்சு, மாத்துங்க” என்று அப்போது டோரதி அடித்துச் சொல்லியிருந்தார். மாற்றியாகிவிட்டது. வண்டி மறுபடியும் நின்றுவிட்டது.

“நான் சொன்னது தப்பு” என்றார் டோரதி எடுத்த எடுப்பில். டம்ளரில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

“அது கெடக்கட்டுங்க்கா. மேக்கால வானம் கருகும்முன்னு இருக்குதுங்க. நிங்கம்மா வயல்ல இன்னும் ஒன்னரை ஏக்கர் நிக்குது. மழை வுழுந்தா மொத்தமும் சாஞ்சு மொளைச்சுப் போயிருமுங்க. மூணு மணிக்குள்ள ஓடலீன்னா வேற வண்டி கூப்புட்டுக்கறேங்குது அந்தம்மா. அப்பறம் இந்தப் பக்கத்துல என்னைய ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க.”

பின்னாலிருந்து நிங்கம்மாவின் குரல் கன்னடத்தில் வெடித்தது: “மளெ பர்த்தைத்தெ, மளெ!” மழை வருகிறதாம். மணி ஒன்றரை.

“டைரக்ட் குடுத்துரட்டுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார் சந்தானம். சென்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வயரை நேராக முறுக்கி வண்டியை ஏமாற்றுவது. ஊர் ஊராக எல்லாரும் செய்கிற வேலை.

“குடுத்தீங்கன்னா இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க!” டோரதி போட்ட சத்தத்தில் சுப்ரமணியனின் கை நின்றது. “உருளை அடைச்சிக்கினா வண்டி தானா நிக்கணும். நிக்காத வண்டிக்குள்ள கை வுட்டு வைக்கோல் இழுப்பீங்களா? வீடியோ போடுங்க. இன்னைக்கு அவனா நானான்னு பாத்துடறேன்.”

ஆட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இஞ்சின் அணைந்திருக்கும், சாவி மட்டும் திறந்திருக்கும். அப்போது வயர் எங்காவது விட்டுப்போனால்தான் திரையில் சிவப்பு வரும். சந்தானம் கீழே வயர்க்கட்டை ஒவ்வொரு சாணாகப் பிடித்து ஆட்ட வேண்டும். எந்த இடத்தில் ஆட்டும்போது திரையில் சிவப்பு வருகிறதோ அங்கே ஆள் ஒளிந்திருக்கிறான். ஆனால் திரையை யார் பார்ப்பது? வயலில் இருந்தது இரண்டே பேர்.

“நிங்கம்மா, நீவு மேலெ ஹத்தி கூத்கொள்ளி. கெம்பு லைட் பந்த்ரெ கூகி” என்றார் டோரதி. மேலே ஏறி உட்காருங்கள், சிவப்பு விளக்கு வந்தால் கத்துங்கள். அதுவரை வண்டியைச் சபித்துக்கொண்டிருந்த அம்மா, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கத்துவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

பின்சக்கரப் பக்கம் ஆட்டினார், ஒன்றுமில்லை. தொட்டிக்கு அடியில், ஒன்றுமில்லை. இஞ்சின் ஓரம், ஒன்றுமில்லை. டோரதி பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இரண்டேகால். கேபினுக்குக் கீழே சந்தானம் கையை விட்டு ஒரு உலுக்கு உலுக்கினார்.

“பந்த்து! கெம்பு பந்த்து!” சிவப்பு வந்துவிட்டதாம்.

“நில்லுங்க! அங்கதான்! கைய எடுக்காதீங்க!” டோரதி கத்திய கத்தலில் பக்கத்து லேத்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “கேமராவ உள்ள காட்டுங்க. இன்னும் கிட்ட. அது இன்னா கொத்தா தொங்குது?”

“எலுமிச்சம்பழமுங்க்கா.”

ஒன்பது பழங்கள். சில காய்ந்து கறுத்து, சில வதங்கி, ஒன்று புத்தம்புதியதாக. எல்லாவற்றையும் கட்டுக்கம்பியால் குத்தி, கைக்கு எட்டிய வயர்க்கட்டிலேயே முடிந்திருந்தார் சந்தானம்.

“ஆயுத பூசைக்கு ஒன்னு கட்டுனேனுங்க. அப்பறந்தான் வண்டி நின்னுச்சு. திஷ்டி பலமா இருக்குதுன்னு இன்னொன்னு கட்டுனேன். நிக்க நிக்கக் கட்டிக்கிட்டே வந்தேனுங்க.”

டோரதி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. “பேட்டரி நெகடிவ் மொதல்ல கழட்டுங்க. பழத்துக்கு நேர் கீழ ஒரு கனெக்டர் இருக்குது பாருங்க, அதப் பிரிங்க.”

பிரித்தார். உள்ளே செம்பு முழுக்கப் பச்சை. எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கி அரித்துத் தின்ற பச்சை. அதுவும் உருளையின் சென்சர் வயர் சேர்கிற ஊசிப் பின்னில்தான் அதிகம்.

“மாட்னியாடா ராஜா!” மேசையை ஓங்கித் தட்டினார் டோரதி. ஆறிப்போன காபி துள்ளிச் சிந்தியது. அதற்குமேல் அவர் வாய் ஓயவில்லை. பல் தேய்க்கிற பிரஷ் எடுக்கச் சொன்னார். டூல்ஸ் பெட்டியில் இருந்த துரு நீக்குகிற ஸ்பிரேயை அடிக்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்க மற்ற பின்கள் மின்னின. அந்த ஒரு பின் மட்டும் கையோடு வந்துவிட்டது. “பரவால்ல, ரெண்டு பக்கமும் வயர வெட்டி நேரா சேருங்க. சடை பின்னுற மாதிரி இறுக்கமா முறுக்குங்க. இது டைரக்ட் இல்ல. சென்சருக்கு வழி வுடறோம், அவ்ளோதான்.” டேப் சுற்றும்போது முதல் தூறல் கேமராக் கண்ணாடியில் விழுந்தது.

இரண்டே முக்கால். இஞ்சின் உறுமியது. டோரதி சட்டென்று கண்களை மூடிக்கொண்டார். உருளை சுற்றும் சத்தம், அதன்மேல் கத்தியின் சத்தம், அதற்கும் மேலே கதிர்கள் உள்ளே போகிற சரசரப்பு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. போன் காதிலேயே இருந்தது. வண்டி நிற்கவில்லை. தூறல் மழையாகும்போது நிங்கம்மாவின் நெல் தார்ப்பாய்க்குள் போயிருந்தது. அந்தம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு கன்னடத்தில் மூச்சு விடாமல் ஏதோ சொன்னார். டோரதிக்குப் பாதிதான் பிடிபட்டது, மீதிக்குச் சேர்த்துச் சிரித்தார். கன்னமெல்லாம் சிவந்து, பரீட்சையில் முதலாவதாக வந்த பள்ளிக்கூடப் பெண்ணைப் போல நின்றார்.

“ஏனுங்க்கா, இந்தப் பழத்தையெல்லாம் வீசிரட்டுங்களா?”

“ஐயையோ, எதுக்கு? முன்னாடி பம்பர்ல கட்டுங்க, தாராளமா. சாமி சாமி எடத்துல இருக்கட்டும், வயர்ல மட்டும் வேணாம்.”

போனை வைத்தார். மேசைமேல் பவர் சப்ளை டக்கென்று அணைந்தது. “கரண்ட்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். விசிறிக் காற்றில் அந்தோணியார் சங்கிலி லேசாக ஆடி, சிவப்புக் குமிழிலிருந்து கறுப்புக் குமிழைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. சுப்ரமணியன் வயர் நறுக்குவதில் மிகவும் மும்முரமாக இருந்தார்.

டோரதி பெட்டியின் சுவிட்சை அணைத்துச் சங்கிலியைக் கழற்றினார். பதக்கத்தை ஒருமுறை முத்தமிட்டுத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியை மறுபடி ஆன் செய்துவிட்டு, விசிறியை ஐந்தில் வைத்தார். பெட்டி அணையவில்லை.