கடைசிச் சுற்றுக்கு நாலு டீமா, எட்டு டீமா?

"நாலு டீம் போதும் மேடம். எட்டு வெச்சா, தோத்தவங்களை வண்டி அனுப்பிக் கூட்டிக்கினு வந்து மாலை போடற மாதிரி இருக்கும்!"

என் ஹாலில், என் சோபாவில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே சித்தூர்க் காலேஜ் கோச் முனிரத்தினம் சார் இப்படிக் கத்தினார். பந்தை உதைக்கிறவர்களுக்குத் தொண்ணூறு நிமிஷம்தான் பாடு. யாரோடு யார் ஆடுவது என்று அட்டவணை போடுகிறவர்களுக்கு வருஷம் பூராவும் பாடு.

என் வீட்டுக்காரர் திருப்பதியில் ஒரு காலேஜில் விளையாட்டு ஆசிரியர். சுற்றுவட்டாரக் காலேஜ் பெண்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் கால்பந்துப் போட்டிக்கு அவர்தான் கன்வீனர். முதலில் லீக். அதில் மேலே வந்தவர்களுக்குக் கடைசிச் சுற்று. அங்கே ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போகலாம். அந்தச் சுற்றுக்கு எத்தனை டீம் என்பதுதான் சண்டை. நான் எட்டுக் கட்சி. கமிட்டி எங்கள் வீட்டில்தான் கூடும், ஏனென்றால் இங்கே காபி கிடைக்கும். கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் தட்டித் தட்டிக் கொடுத்த கையெழுத்து எனக்கு இருப்பதால், சார்ட் பேப்பரில் எழுதும் வேலையும் என் தலையில். அபார்ட்மெண்ட் சங்கத்திலோ அன்னதானக் கமிட்டியிலோ "மேடம், நீங்களே எழுதிடுங்களேன்" என்று மாட்டிக்கொண்டவர்கள் மேற்கொண்டு படிக்கலாம், மற்றவர்களுக்குப் புரியாது.

நைனாவுக்குச் சொன்ன வாக்கு

பிரேமா பிச்சாட்டூர் பக்கமிருந்து வரும் ஒரு சின்னக் காலேஜ் டீமின் கேப்டன். போன வருஷம் கடைசிச் சுற்றுக்கு நாலு டீம்தான், இவர்கள் ஏழாவது. அவர்கள் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது: இந்த வருஷமும் கடைசிச் சுற்றுக்கு வரவில்லையென்றால் பெண்கள் டீமே கிடையாது. விண்ணப்பத்தைக் கொடுக்க வந்தவள், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள். "எல்லாரும் நல்லா ஆடறீங்களா?" என்றேன்.

"ஆடிக்கினுதான் இருக்கோம் ஆண்ட்டி. எங்க நைனா கையில கடைசி ரவுண்டுக்குப் போறேன்னு சொல்லிட்டேன். அது எத்தினி டீமுன்னு அவருக்குத் தெரியாது. நீங்கதான் பாத்து எழுதணும்."

தோற்றவர்களுக்குப் புளியோதரை

நாலுக்கும் எட்டுக்கும் நடுவே ஆறு இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டுப் பார்த்தவர்கள்தான். இரண்டு வருஷம் முன்னால் ஆறு டீம் வைத்தோம். ஆறு வைத்தால் முதல் இரண்டு டீமுக்கும் முதல் நாள் ஆட்டம் கிடையாது. ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். பெரிய மரியாதை என்று நினைத்தோம். ஆனால் தொடக்கவிழா அணிவகுப்புக்கு எல்லோரும் வந்தாக வேண்டும் என்று விதி. சாப்பாட்டுப் பொட்டலமோ அன்றைக்கு ஆட்டம் இருக்கிற டீமுக்கு மட்டும் என்று இன்னொரு விதி. இரண்டு விதியையும் எழுதியது ஒரே கமிட்டி. படித்துப் பார்த்தது யாருமில்லை.

லீக்கில் முதலாவதாக வந்த பெண்கள், விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி வந்தவர்கள், வெயிலில் அணிவகுத்துவிட்டு, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓடிப்போய் வாழைப்பழமும் பன்னும் வாங்கி வந்தேன். கூட வந்திருந்த ஓர் அம்மா பன்னை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மரியாதையே வேண்டாம் என்று எல்லா டீமும் சொல்லிவிட்டன. ஆறு டீம் யோசனையும் அதோடு போயிற்று. அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா நியாயம் இது? என் பொண்ணு ஒரு மேட்ச் தோத்திருந்தா, புளியோதரையாவது துன்னிருப்பா!"

ஜில்லாவுக்கு இரண்டு

பழைய சித்தூர் ஜில்லாவிலிருந்து திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்தபிறகு புதிதாக ஒரு யோசனை முளைத்தது: நாலு டீம், சித்தூருக்கு இரண்டு, திருப்பதிக்கு இரண்டு. கேட்க அழகாகத்தான் இருந்தது. திருப்பதிப் பக்கத்தில் மூன்றாவதாக வருகிற டீம் சித்தூரின் இரண்டாவது டீமைச் சுலபமாக ஜெயிக்குமே, அதை ஏன் வெளியே நிறுத்த வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதோடு அழகு முடிந்தது. அவரும் முனிரத்தினம் சாரும் தெலுங்குக்குத் தாவினார்கள். எங்கள் வீட்டில் தெலுங்குக்குத் தாவினால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

பிரேமா டீமைப் பற்றி நான் ஞாபகப்படுத்தினேன். காலேஜ் திருப்பதி ஜில்லா. கோல்கீப்பர் வீடு விஜயபுரம், அது சித்தூர் ஜில்லா. அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். முனிரத்தினம் சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோலு வுடாம புடிச்சா எங்க ஜில்லா. வுட்டுட்டா உங்க ஜில்லா."

முனிரத்தினம் சாரின் நியாயம்

மனிதரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். அன்று எல்லோரும் போனபிறகும் அவர் மட்டும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். அவர் டீம் பெண்கள் லீக்கில் யாரிடமும் தோற்பதில்லை. எட்டு வைத்தால் அவர்கள் வெயிலில் இன்னொரு ஆட்டம் கூடுதலாக ஆட வேண்டும், அதுவும் செமஸ்டர் பரீட்சை நெருங்கும்போது. "எட்டாவதா வந்த டீமுகிட்ட ஒருநாள் கால் சறுக்கினா, வருஷம் பூரா ஜெயிச்சதெல்லாம் எங்க போறது மேடம்?" என்றார். குரலில் கத்தல் இல்லை. நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நியாயமான கேள்விக்கு வாயாடியிடம் பதில் இருக்காது.

பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. முதல் நாலு டீமும் ஊரைவிட்டு நகரவே வேண்டாம். அந்த ஒரு ஆட்டத்தை அவரவர் காலேஜ் மைதானத்தில், அவரவர் ஆட்கள் கைதட்ட ஆடட்டும். கீழே வந்த நாலு டீம் பஸ் ஏறி அங்கே போகட்டும். ஜெயித்ததற்கு அது கூலி. எட்டாவதாக வந்தவளுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கும். ஈரக்கையோடு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். முனிரத்தினம் சார் சார்ட் பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"சரி, எட்டுன்னே எழுதுங்க மேடம். ஆனா சாப்பாட்டு விதியை நீங்க எழுதுங்க, எங்க ஆளுங்க வேணாம்."

எட்டுக்கு அடுத்தது

லீக் முடிந்தது. பிரேமா டீம் எட்டாவது. போனில் அவள் பேசியதைவிட அழுததுதான் அதிகம். பின்னால் மற்ற பெண்கள் போட்ட கூச்சலில் இரண்டுமே சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் காலேஜ் நிர்வாகமும் சொன்னபடி டீமை விட்டுவைத்தது. எட்டுப் பெயரையும் சார்ட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையில் கோடு போட்டேன். ரொம்ப நேர்த்தியான கோடு.

மறுநாள் கமிட்டி காபி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டி நின்றது. லோகேஸ்வரி, கங்காதர நெல்லூர்ப் பக்கத்து டீமின் கேப்டன். ஒன்பதாவது இடம். முழங்காலில் கட்டு. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த சார்ட்டை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை.

"ஆண்ட்டி, எட்டாவது டீமுக்கும் எங்களுக்கும் ஒரே பாயிண்ட்டு. ஒரு கோலுதான் கம்மி. அவங்களோட ஒரு மேட்ச் வெச்சுப் பாருங்களேன்? தோத்தா நாங்களே போயிடறோம்."

வீட்டுக்காரர் போனைப் பார்த்தார், முனிரத்தினம் சார் ஜன்னலைப் பார்த்தார். எட்டு டீமுக்காக வருஷம் பூரா வாயாடிய நானோ, "உட்காரும்மா, காபி குடி" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்க உள்ளே போனேன்.