குடோனுக்கு மட்டும் குளிர்

ஆம்பூரில் எங்கள் வீட்டு ஓனர் தோல் வியாபாரி. எந்தத் தோலையும் புறங்கையால் தடவித்தான் தரம் பார்ப்பார். கீழே குடோனில் இரவும் பகலும் ஏசி ஓடும்.

சித்திரையில் அவருடைய பேரனைப் பார்க்க மாடிக்குப் போனேன். ஜன்னல்களை அடைத்து, பச்சைக் குழந்தைக்குக் கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டரும் மாட்டியிருந்தார்கள். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"ராத்திரி பூரா அழுவுது சார். இன்னான்னே புரியல" என்றார் ஓனர்.

"வேர்க்குது சார். குல்லாயக் கழட்டுங்க, ஃபேன் போடுங்க."

"சளி புடிச்சிக்கும் சார்."

"அப்போ கீழ ஏசி எதுக்கு?"

"அது எக்ஸ்போர்ட் சரக்காச்சே! புழுக்கத்துல வெச்சா பூஞ்சை புடிச்சிடும்."

என்னோடு கீழே வந்தவர், குடோனைத் திறந்து ஒரு தோலைப் புறங்கையால் ஆசையாகத் தடவினார். அந்தக் கை ஒரே ஒருமுறை பேரனின் கழுத்துப் பக்கம் போயிருக்கக் கூடாதா?